தடை வந்த இரவில் கண்டதையும் போனில் போடாதீர்கள்

2022 ஏப்ரல் 3ஆம் திகதி, நள்ளிரவு தாண்டியதும் இலங்கையில் பேஸ்புக், வட்ஸ்அப், யூடியூப், டுவிட்டர், இன்ஸ்டகிராம் எல்லாம் நின்றுபோயின. அவசரகாலச் சட்டம், ஊரடங்கு, அதற்கு மேல் இது. அன்றைக்கு அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்சவே, தானும் வீபிஎன் (இணைப்பை வேறொரு இடத்துச் சேர்வர் வழியாக அனுப்பும் செயலி) போட்டுத்தான் எழுதுவதாகவும் இப்படியான தடைகளால் ஒரு பயனும் இல்லை என்றும் டுவிட்டரில் பதிவிட்டார். தடை ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. அன்று பிற்பகலே எல்லாம் திரும்பி வந்தன.

அதற்கு முன்பும் பெரிதாக நடந்திருக்கிறது. 2018 மார்ச்சில் திகன, கண்டி வன்முறையின்போது ஒரு வாரத்துக்கு மேல் பேஸ்புக் இல்லை. 2019இல் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ஏப்ரல் 30 வரை இல்லை. செய்தித் தளங்களின் கதை இன்னும் பழையது: தமிழ்நெட் 2007 ஜூனிலேயே மறிக்கப்பட்டுவிட்டது. ஆகவே தடையைத் தாண்டுவது எங்கள் ஆட்களுக்குப் புதிதல்ல. பிளே ஸ்டோரில் 'வீபிஎன்' என்று தேடுவது, முதலாவதாக வருவதைப் போடுவது, அது கேட்பதற்கெல்லாம் 'ஓகே' கொடுப்பது. தடை போய்விடும், செயலி போகாது. எனக்குத் தெரிந்தவர்களின் போன்களில், எப்போது எதற்காகப் போட்டோம் என்றே மறந்துபோன வீபிஎன் ஒன்றாவது இன்னும் கிடக்கிறது.

தடையைத் தாண்டுவது லேசான வேலை. தாண்டும்போது உங்கள் விவரங்களை யாரிடம் ஒப்படைக்கிறீர்கள் என்பதுதான் யோசிக்க வேண்டியது. அதை யோசிக்கிற நாள், தடை இல்லாத ஒரு சாதாரண நாளாக இருக்கவேண்டும். ஒன்று, தடை வந்தபிறகு நல்ல கருவியின் தளமே திறக்காமல் போகலாம். மற்றது, அந்த அவசரத்தில் யாரும் எதையும் வாசிப்பதில்லை.

1. யாரிடமிருந்து எதை மறைக்கிறீர்கள்?

சாதாரணமாக நீங்கள் ஒரு தளத்தைத் திறந்தால், இணைய இணைப்புத் தரும் நிறுவனத்துக்கு அந்தத் தளத்தின் பெயர், நேரம், எவ்வளவு டேட்டா போனது என்பவை தெரியும். முகவரி 'எச்டிடிபிஎஸ்' என்று தொடங்கும் தளம் (சில பிரவுசர்கள் பூட்டுச் சின்னம் காட்டும்) என்றால், உள்ளே எந்தப் பக்கத்தை வாசித்தீர்கள், என்ன எழுதினீர்கள் என்பது தெரியாது. வீபிஎன் போட்டதும், 'இவர் ஏதோ ஒரு வீபிஎன் சேர்வருடன் இணைந்திருக்கிறார்' என்பதும் நேரமும் டேட்டா அளவும் மட்டும்தான் அந்த நிறுவனத்துக்குத் தெரியும். ஆனால் அதுவரை அவர்கள் பார்த்துக்கொண்டிருந்ததை இப்போது வீபிஎன் நடத்துபவர் பார்க்கிறார். கடிதத்தை இன்னொரு உறைக்குள் போட்டு வேறொருவர் கையில் கொடுத்தனுப்புவது மாதிரி: தபால்காரருக்கு முகவரி தெரியாது, கொண்டுபோகிறவருக்குத் தெரியும். அந்த ஆள் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மூன்றாவது தரப்பு, நீங்கள் போய்ச் சேரும் தளம். பேஸ்புக்கில் உங்கள் பெயரில், உங்கள் தொலைபேசி இலக்கத்தில் கணக்கு வைத்துக்கொண்டு வீபிஎன் வழியாக உள்ளே போனால், பேஸ்புக்குக்கு நீங்கள் நீங்கள்தான். ஐபி முகவரி (இணையத்தில் உங்கள் இணைப்பைக் காட்டும் இலக்கம்) மட்டும் நெதர்லாந்து என்று காட்டும். 'வீபிஎன் போட்டுத்தான் எழுதினேன், என்னை யாருக்கும் தெரியாது' என்று நினைப்பதைவிடப் பெரிய ஏமாற்றம் இந்த விஷயத்தில் இல்லை.

ஆகவே முதலில் தேவையைத் தீர்மானியுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையுடன் வட்ஸ்அப்பில் கதைக்கவேண்டும், அவ்வளவுதானா? மறிக்கப்பட்ட செய்தித் தளத்தை வாசிக்கவேண்டுமா? அல்லது உங்கள் பெயர் வெளியே வரவே கூடாத ஒரு தகவலை அனுப்பவேண்டுமா? முதல் இரண்டுக்கும் கீழே சொல்லும் எளிய வழிகள் போதும். மூன்றாவது வேறு விதமான வேலை. அதற்கு வீபிஎன்னை மட்டும் நம்பி இறங்காதீர்கள்.

2. வீபிஎன் இல்லாமலே முடியுமா என்று பாருங்கள்

தடை பல விதமாகப் போடப்படுகிறது. சுலபமானது, பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேர்வரிலேயே பொய்ப் பதில் கொடுப்பது. உங்கள் போன் 'அந்தத் தளம் எங்கே இருக்கிறது' என்று இணைய நிறுவனத்தின் டிஎன்எஸ்ஸிடம் கேட்கும், அது 'அப்படி ஒன்று இல்லை' என்று சொல்லிவிடும். இப்படியான தடை என்றால், கேட்கும் இடத்தை மாற்றினாலே போதும்.

அண்ட்ராய்ட் 9 அல்லது அதற்குப் பிந்தைய போன்களில் செட்டிங்ஸில் நெட்வேர்க் பகுதிக்குள் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்று ஒன்று இருக்கும். சாம்சங் போன்களில் 'கனெக்ஷன்ஸ்' என்பதன் அடியில் கூடுதல் இணைப்பு அமைப்புகளுக்குள் ஒளிந்திருக்கும். தேடல் பெட்டியில் பெயரைத் தட்டினால் விரைவாகக் கிடைக்கும். அதில் வழங்குநரின் பெயரைக் கொடுக்கச் சொல்லும் தெரிவை எடுத்து, குவாட்9 என்ற டிஎன்எஸ் சேவைக்கு 'டிஎன்எஸ் புள்ளி குவாட்9 புள்ளி நெட்' என்பதை ஆங்கில எழுத்தில் தட்டிச் சேமியுங்கள். கணினியில் பயர்பொக்ஸ் பாவிப்பவர்கள் அதன் தனியுரிமை அமைப்புகளின் அடியில் 'டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ்' என்பதை இயக்கலாம். புதிதாக எந்தச் செயலியும் வேண்டாம், பதிவும் வேண்டாம்.

தடை இதைவிட ஆழமாகப் போடப்பட்டிருந்தால், அதாவது நீங்கள் எந்தத் தளத்துடன் இணையப்போகிறீர்கள் என்பதை வழியிலேயே பார்த்து வெட்டினால், இது உதவாது. இந்தியாவில் சில நிறுவனங்கள் அப்படித்தான் செய்கின்றன. டிஎன்எஸ்ஸை மாற்றுவதால் தளத்தின் பெயர் இணைய நிறுவனத்திடமிருந்து முழுவதுமாக மறைந்துவிடுகிறது என்றும் எண்ணவேண்டாம். இணைப்பு தொடங்கும் கணத்தில் பெரும்பாலும் பெயர் வெளியே தெரியும்.

வட்ஸ்அப் மட்டும்தான் தேவை என்பவர்களுக்கு இன்னொரு நல்ல வழி இருக்கிறது. 2023 ஜனவரியிலிருந்து வட்ஸ்அப்புக்குள்ளேயே புரொக்ஸி, அதாவது இடையில் நின்று செய்தியைக் கடத்தும் கணினி வழியாகப் போகும் வசதி உண்டு. செட்டிங்ஸில் சேமிப்பு, டேட்டா பகுதிக்குப் போனால் கடைசியில் 'புரொக்ஸி' இருக்கும். டொரொண்டோவிலோ லண்டனிலோ கணினி தெரிந்த சொந்தக்காரர் ஒருவர் அங்கே ஒரு புரொக்ஸி நடத்தி, முகவரியை முன்கூட்டியே உங்களுக்குத் தந்துவைத்தால், தடை நாளில் அதைப் போட்டுக்கொள்ளலாம். அவருக்கு உங்கள் ஐபி முகவரி தெரியும், செய்தி என்னவென்று தெரியாது. அது முனைக்கு முனை பூட்டப்பட்டது, அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே வாசிக்கும்படி மறைகுறியாக்கப்பட்டது. சிக்னல் செயலியிலும் 2021 தொடக்கம் இதே போன்ற ஏற்பாடு உண்டு. குழுக்களில் ஃபோர்வேர்ட் ஆகி வரும் புரொக்ஸி முகவரிகளை மட்டும் போடாதீர்கள். நடத்துபவர் யாரென்று தெரியாத புரொக்ஸிக்கு உங்கள் ஐபி முகவரியும் நீங்கள் பாவிக்கும் நேரமும் போய்ச்சேரும்.

3. வீபிஎன் தெரிவு செய்வது

இங்கேதான் கொஞ்சம் நிதானிக்கவேண்டும்.

ஒரு வீபிஎன் நடத்தச் செலவு அதிகம். சேர்வர் வாடகை, டேட்டா, ஆட்கள். ஆகவே கேட்கவேண்டிய முதற் கேள்வி: இந்தச் செயலி எப்படிக் காசு உழைக்கிறது? பதில் தெரியவில்லை என்றால், பெரும்பாலும் உங்களை வைத்துத்தான் உழைக்கிறது.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 'ஒனாவோ புரொடெக்ட்' என்ற இலவச வீபிஎன்னை நடத்தியது பேஸ்புக். பாதுகாப்பு என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். எந்தெந்தச் செயலியை மக்கள் எவ்வளவு நேரம் பாவிக்கிறார்கள் என்ற விவரம் பேஸ்புக்குக்குப் போனது. அப்பிள் நிறுவனத்தின் எதிர்ப்பால் 2018 ஆகஸ்டில் அப் ஸ்டோரிலிருந்து எடுத்தார்கள். 2023இல் அவுஸ்திரேலிய நீதிமன்றம் அந்தக் குழும நிறுவனங்கள் இரண்டுக்குமாக 2 கோடி அவுஸ்திரேலிய டொலர் தண்டம் விதித்தது.

அது கண்காணிப்பு. அசட்டையும் உண்டு. 2020 ஜூலையில் ஹொங்கொங்கைச் சேர்ந்த 7 இலவச வீபிஎன் செயலிகளின் பதிவேடுகள் கடவுச்சொல்கூட இல்லாத சேர்வரில் திறந்து கிடந்தன. எல்லாமே 'நாங்கள் எந்தப் பதிவும் வைப்பதில்லை' என்று சொன்ன செயலிகள். யார், எங்கிருந்து, எந்தத் தளத்துக்குப் போனார்கள் என்பதோடு கடவுச்சொற்களும் அப்படியே எழுத்தில் இருந்தன.

மூன்றாவது வகை இன்னும் மோசம். 2024 மே மாதம் அமெரிக்க நீதித் திணைக்களம் '911 எஸ்5' என்ற வலைப்பின்னலைக் கலைத்தது. மாஸ்க் வீபிஎன், டியூ வீபிஎன், ஷைன் வீபிஎன் முதலான இலவசச் செயலிகளைத் தங்கள் விண்டோஸ் கணினியில் போட்டவர்களின் இணைப்பு, அவர்களுக்கே தெரியாமல் குற்றவாளிகளுக்கு வாடகைக்கு விடப்பட்டிருந்தது. 1 கோடி 90 லட்சம் ஐபி முகவரிகள். மோசடி செய்தவன் வேறு யாரோ, பொலிஸ் தேடினால் வந்து நிற்பது உங்கள் வீட்டு இணைப்பில்.

2016இல் அவுஸ்திரேலியாவின் அரச அறிவியல் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவின் ஆய்வாளர்களும் கூட்டாளிகளும் 283 அண்ட்ராய்ட் வீபிஎன் செயலிகளைச் சோதித்தார்கள். 38 சதவீதத்தில் தீம்பொருளின் அடையாளம் இருந்தது. 18 சதவீதம் எதையுமே பூட்டாமல்தான் அனுப்பின. அந்த 18 சதவீதத்தைப் பாவித்தவர்கள் பாதுகாப்பு வேண்டித்தானே போட்டிருப்பார்கள்!

அப்படியென்றால் எதை நம்புவது? நான் பார்ப்பவை இவை. நடத்தும் நிறுவனத்தின் உண்மையான பெயரும் நாடும் வெளியே தெரியவேண்டும். செயலியின் மூலநிரல் யாரும் பார்த்துச் சோதிக்கும்படி திறந்திருக்கவேண்டும். வெளியார் வந்து தணிக்கை செய்த அறிக்கை இருக்கவேண்டும். 'பதிவு வைப்பதில்லை' என்ற சொல்லுக்குச் சோதனை ஒன்று நடந்திருந்தால் இன்னும் நல்லது. சுவீடனின் முல்வாட் நிறுவனத்துக்கு 2023 ஏப்ரல் 18ஆம் திகதி பொலிஸ் தேடுதல் ஆணையோடு போனது. கொடுக்க ஒன்றுமே இல்லை என்பதால் வெறுங்கையோடு திரும்பியது. மறுபக்கம், 2017இல் அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கில் பியூர் வீபிஎன் நிறுவனம், பதிவு வைப்பதில்லை என்று விளம்பரம் செய்துகொண்டே, ஒரு பாவனையாளரின் இணைப்பு விவரத்தை எஃப்பிஐக்குக் கொடுத்தது வெளிவந்தது. அந்த ஆள் செய்தது கொடிய வேலை, அதில் அனுதாபம் ஒன்றுமில்லை. ஆனால் இல்லாத பதிவை எப்படிக் கொடுக்கமுடியும்?

பெயர் சொல்லுங்கள் என்று கேட்பவர்களுக்கு: காசு கொடுக்க முடியாவிட்டால் புரொட்டோன் வீபிஎன்னின் இலவசப் பகுதி. சுவிட்சர்லாந்து நிறுவனம், செயலிகளின் மூலநிரல் 2020 ஜனவரியிலிருந்து திறந்திருக்கிறது, டேட்டா எல்லை கிடையாது. காசு கட்டுபவர்களின் பணத்தில் இலவசப் பகுதி ஓடுகிறது என்பதால் முதற் கேள்விக்கு நேரான பதிலும் இருக்கிறது. காசு கொடுக்க முடிந்தால் முல்வாட்: மாதம் 5 யூரோ, மின்னஞ்சல் கேட்காது, ஒரு கணக்கு இலக்கம் மட்டும் தரும்.

சைஃபனைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், இலங்கையில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் அது. டொரொண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லாப் ஆய்வகத்தில் பிறந்த கருவி. தடையை உடைப்பதில் கெட்டிக்காரன். வழமையான வீபிஎன்கள் மறிக்கப்படும் இடத்திலும் ஏதாவது ஒரு வழியைக் கண்டுபிடித்துக்கொண்டு போகும். ஆனால் அது தடை தாண்டுவதற்கான கருவி, அடையாளம் மறைப்பதற்கானது இல்லை. அவர்களே அதைச் சொல்கிறார்கள். செய்தி வாசிக்கப் போதும்.

4. போனில் ஏற்றும்போது

பிளே ஸ்டோர், அப் ஸ்டோர், அல்லது நிறுவனத்தின் சொந்தத் தளம். இந்த மூன்றைத் தவிர வேறு எங்கிருந்தும் எடுக்காதீர்கள். தடை நாட்களில் குடும்பக் குழுவில் 'இது நல்லா வேலை செய்யுது, போடுங்கோ' என்று யாராவது ஒரு ஏபிகே கோப்பை (ஸ்டோர் இல்லாமல் நேரடியாக நிறுவும் அண்ட்ராய்ட் செயலிக் கோப்பு) போடுவார்கள். போடுகிறவர் சொந்தச் சித்தப்பாவாக இருக்கலாம். அவருக்கு அதைக் கொடுத்தவர் யார்? ஸ்டோரிலும் பெயரை மட்டும் பார்த்து ஏமாறவேண்டாம்; அதே பெயர், அதே நிறத்தில் நாலு செயலிகள் இருக்கும். பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் தயாரிப்பாளரின் பெயரை, அந்த நிறுவனத்தின் தளத்தில் இருப்பதோடு ஒப்பிடுங்கள்.

முதல் தடவை இணைக்கும்போது அண்ட்ராய்ட் ஒரு பெட்டியைக் காட்டும். இந்தச் செயலி வீபிஎன் இணைப்பு ஒன்றை அமைக்க விரும்புகிறது, அதன்மூலம் உங்கள் நெட்வேர்க் போக்குவரத்தைக் கண்காணிக்க முடியும், மூலத்தை நம்பினால் மட்டும் ஏற்கவும் என்று அதில் எழுதியிருக்கும். ஏற்றதும் திரையின் மேலே சின்னதாக ஒரு சாவி தோன்றும். எல்லோரும் வாசிக்காமல் தட்டிவிடுவது இந்தப் பெட்டியைத்தான். அதில் சொல்லியிருப்பது அப்படியே உண்மை. வங்கி, கடை, மருத்துவமனை, செய்தி என்று எல்லாத் தொடர்பும் இனி அந்தச் சாவி வழியாகத்தான் போகும்.

ஒரு வீபிஎன்னுக்குத் தேவையான பெரிய அனுமதி அது ஒன்றுதான். அறிவிப்புக் காட்ட அனுமதி கேட்டால் கொடுக்கலாம். தொடர்பு இலக்கங்கள், எஸ்எம்எஸ், கமரா, மைக், போட்டோக்கள், அழைப்புப் பதிவு, எதுவும் அதற்கு வேண்டியதில்லை. 'அக்சஸிபிலிட்டி' அனுமதி கேட்டால் அந்த இடத்திலேயே அழித்துவிடுங்கள். திரையில் நீங்கள் தட்டுவதையெல்லாம் வாசிக்கும் வழி அது.

இன்னொன்று, 'சேர்டிபிக்கேட்' ஒன்றை நிறுவச் சொன்னால் ஒருபோதும் செய்யாதீர்கள், கேட்பது செயலியானாலும் அரசானாலும். பூட்டுச் சின்னத்தை நம்பலாமா என்று போன் தீர்மானிப்பது இந்தச் சேர்டிபிக்கேட்டுகளை வைத்துத்தான். அந்நியர் ஒருவரின் மூலச் சேர்டிபிக்கேட்டை உள்ளே விட்டால், பூட்டு பூட்டாகவே தெரியும், உள்ளே இருப்பதை அவர் வாசித்துக்கொண்டிருப்பார். 2019 ஜூலையில் கசகஸ்தான் அரசு தன் மக்களைப் போன்களில் அப்படி ஒன்றை நிறுவச் சொன்னது. அடுத்த மாதமே கூகுள், மொசில்லா, அப்பிள் மூன்றும் தங்கள் பிரவுசர்களில் அதைச் செல்லாமல் ஆக்கின.

5. அமைப்பும் சோதனையும்

வீபிஎன் திடீரென்று அறுந்தால் போன் சத்தமில்லாமல் சாதாரண இணைப்புக்குத் திரும்பிவிடும். அதைத் தடுக்க, செட்டிங்ஸில் வீபிஎன் பகுதிக்குப் போய், செயலியின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பற்சில்லுச் சின்னத்தைத் தட்டி, 'எப்போதும் இயங்கும் வீபிஎன்' என்பதையும் அதன் கீழே உள்ள 'வீபிஎன் இல்லாத இணைப்புகளை மறி' என்பதையும் இயக்குங்கள். இரண்டாவதை மறந்தால் முதலாவதால் அதிகம் பயனில்லை. ஐபோனில் செயலிக்குள்ளேயே 'கில் சுவிட்ச்' என்ற பெயரில் இருக்கும்.

பிறகு ஒரு சின்னச் சோதனை. வீபிஎன் இல்லாமல், ஐபி முகவரியைக் காட்டும் தளம் ஒன்றைத் திறந்து எந்த நாடு, எந்த நிறுவனம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீபிஎன்னை இயக்கி அதே தளத்தைப் புதிதாகத் திறவுங்கள். நாடு மாறியிருக்கவேண்டும், உங்கள் இணைய நிறுவனத்தின் பெயர் எங்கும் இருக்கக்கூடாது. ஐபி முகவரி இரண்டு வடிவத்தில் வரும்: புள்ளி வைத்த சிறியது ஒன்று, முக்காற்புள்ளி வைத்த நீளமானது ஒன்று. சில வீபிஎன்கள் சிறியதை மறைத்துவிட்டு நீளமானதை அப்படியே விட்டுவிடும். மேலே சொன்ன 2016 ஆய்வில் 84 சதவீதச் செயலிகள் அப்படித்தான் ஒழுகின. 'டிஎன்எஸ் லீக்' சோதனைத் தளம் ஒன்றிலும் பாருங்கள்; அங்கே உங்கள் நிறுவனத்தின் பெயர் வந்தால், போகும் தளங்களின் பெயர் இன்னும் அவர்களிடம் போகிறது. இரண்டில் எது தவறினாலும் செயலியை மாற்றுங்கள், சரிசெய்கிறேன் என்று மல்லுக்கட்டவேண்டாம்.

எந்த நாட்டுச் சேர்வர்? இலங்கையிலிருந்து இந்தியா கிட்ட, வேகமாக இருக்கும் என்று பலர் அதை எடுப்பார்கள். இந்தியாவின் அரச கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28ஆம் திகதி போட்ட உத்தரவுப்படி வீபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, ஐபி விவரங்களை 5 வருடம் வைத்திருக்கவேண்டும். அதனால் எக்ஸ்பிரஸ், நோர்ட், சர்ஃப்ஷார்க் போன்ற நிறுவனங்கள் இந்திய மண்ணிலிருந்த தங்கள் சேர்வர்களையே எடுத்துவிட்டன. பட்டியலில் 'இந்தியா' என்று காட்டினாலும் இயந்திரம் சிங்கப்பூரிலோ வேறெங்கோ இருக்கலாம். சிங்கப்பூரையே நேராக எடுத்தால் குழப்பமில்லை.

6. கணக்குகளை முன்கூட்டியே தயார் செய்யுங்கள்

காலையில் வவுனியாவிலிருந்து, பத்து நிமிடம் கழித்து ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஒருவர் நுழைந்தால், எந்தத் தளமும் கணக்கை யாரோ திருடிவிட்டான் என்றுதான் நினைக்கும். பேஸ்புக், ஜிமெயில் எல்லாம் எஸ்எம்எஸ்ஸில் இலக்கம் அனுப்பும். அந்த எஸ்எம்எஸ் அன்றைக்கு வராமலும் போகலாம். ஆகவே இப்போதே இரண்டு படிப் பாதுகாப்பை இயக்கி, குறியீடு தரும் செயலி ஒன்றோடு இணைத்துவிடுங்கள். தளம் தரும் மீட்புக் குறியீடுகளைக் கடதாசியில் எழுதி வீட்டில் வையுங்கள்.

வங்கிச் செயலி விஷயத்தில் மட்டும் வீபிஎன்னை விட்டுவிடுங்கள். அது ஏற்கெனவே பூட்டப்பட்ட தொடர்பு. வெளிநாட்டு ஐபியிலிருந்து போனால் வங்கி சந்தேகப்பட்டு அட்டையை நிறுத்திவிட்டால், ஊரடங்கு நாளில் கிளைக்கு எப்படிப் போவது? நல்ல வீபிஎன்களில் குறிப்பிட்ட செயலிகளை விலக்கிவைக்கும் வசதி இருக்கும், வங்கியை அதில் போடுங்கள். ஒன்று கவனிக்கவேண்டும்: 'வீபிஎன் இல்லாத இணைப்புகளை மறி' இயங்கும்போது விலக்கிவைத்த செயலிக்கு இணையமே கிடைக்காது. வங்கி வேலை முடியும்வரை அதை நிறுத்திவைக்க வேண்டியிருக்கும்.

7. அடையாளமே தெரியக்கூடாது என்றால்

அதற்கு டோர். டோர் பிரவுசர் உங்கள் தொடர்பை மூன்று தன்னார்வலர் கணினிகள் வழியாக அனுப்பும். முதலாவதுக்கு நீங்கள் யாரென்று தெரியும், எங்கே போகிறீர்கள் என்று தெரியாது. கடைசியானதுக்கு இடம் தெரியும், ஆள் தெரியாது. வீபிஎன்னில் ஒரே நிறுவனத்துக்கு இரண்டும் தெரியும் என்பதுதான் வித்தியாசம். காசு இல்லை, கணக்கு இல்லை. மெதுவாக இருக்கும், அதைச் சகிக்கத்தான் வேண்டும்.

அண்ட்ராய்டில் டோர் பிரவுசர் அதே பெயரில் கிடைக்கும், ஐபோனில் 'ஒனியன் பிரவுசர்'. டோரையே மறித்திருந்தால், இணைப்பு அமைப்புகளில் 'பிரிட்ஜ்' பகுதிக்குப் போய் 'ஸ்னோஃபிளேக்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். வெளிநாட்டிலிருக்கும் சொந்தங்கள் தங்கள் பிரவுசரில் ஸ்னோஃபிளேக் நீட்சியை நிறுவிவிட்டால், மறிக்கப்பட்ட நாடுகளில் இருப்பவர்களுக்கு அது ஒரு வாசலாகும். நிறுவியபிறகு அவர்கள் எதுவும் செய்யவேண்டியதில்லை.

டோருக்குள் போய் உங்கள் சொந்தப் பேஸ்புக்கைத் திறந்தால், ஆளை மறைக்கப் போட்ட வேடத்தை நீங்களே கழற்றிவிட்டீர்கள். பூட்டுச் சின்னம் இல்லாத தளத்தில் கடவுச்சொல் கொடுத்தால் அதுவும் வில்லங்கம். 2007இல் டான் எகர்ஸ்டாட் என்ற சுவீடன்காரர் டோரின் 5 கடைசிக் கணினிகளைத் தானே நடத்தி, வழியில் போனதைப் பார்த்தார். அப்படிக் கிடைத்தவற்றில், இந்தியத் தூதரகங்கள் உட்பட உலகெங்கும் 100 மின்னஞ்சல் கணக்குகளின் கடவுச்சொற்களை வெளியிட்டார். டோர் பிழைவிடவில்லை, அந்த மின்னஞ்சல்கள் பூட்டப்படாமல் போய்க்கொண்டிருந்தன.

அனுப்பும் போட்டோவையும் கவனியுங்கள். போன் கமரா எடுத்த படத்துக்குள் நேரம், கருவியின் பெயர், இட அனுமதி கொடுத்திருந்தால் இடமும் எழுதப்பட்டிருக்கும். சிக்னல் வழியாகப் படமாக அனுப்பினால் அவை நீங்கிவிடும், மின்னஞ்சலில் இணைத்தால் நீங்காது. பின்னணியில் கோயில் கோபுரம் தெரிந்தால் அதை எந்தச் செயலியும் நீக்கித் தராது.

8. சட்டம் ஊருக்கு ஊர் வேறு

இலங்கையில் தடை போடுவது, இணைய நிறுவனங்களுக்குத் தொலைத்தொடர்பு ஆணைக்குழு கொடுக்கும் உத்தரவால். ஆனால் நீங்கள் என்ன எழுதினீர்கள் என்பதற்குச் சட்டம் வேறு. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வீபிஎன் வழியாக எழுதியதற்கும் பொருந்தும்.

வளைகுடாவுக்குப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் வாசிக்கவேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் வட்ஸ்அப் அழைப்பு மறிக்கப்பட்டிருக்கிறது. ஊரில் பழகிய கையோடு அங்கேயும் வீபிஎன் போட்டு வீட்டுக்குக் கதைப்பவர்கள் ஏராளம். அங்கே 2021ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தின்படி, குற்றம் ஒன்றைச் செய்யவோ அது கண்டுபிடிக்கப்படாமல் தடுக்கவோ ஐபி முகவரியை மாற்றிக் காட்டினால் சிறையோ, 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கலாம். அனுமதி பெற்ற அழைப்புச் செயலிகள் அங்கே இருக்கின்றன, அவற்றைப் பாவியுங்கள்.

9. தடை நீங்கியபிறகு

அவசரத்தில் போட்ட செயலியை அன்றைக்கே எடுத்துவிடுங்கள். வரிசை முக்கியம்: முதலில் செயலிக்குள் போய்க் கணக்கை நீக்கக் கோருங்கள், பிறகு செயலியை அழியுங்கள். செயலி போனாலும் நீங்கள் கொடுத்த மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் அவர்களிடம் இருக்கும். ஐபோனில் செட்டிங்ஸின் பொதுப் பகுதியில் 'வீபிஎன்னும் கருவி மேலாண்மையும்' என்பதைத் திறந்து பழைய இணைப்பு ஏதும் மிஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள். அண்ட்ராய்டில் பாதுகாப்புப் பகுதியில், பாவனையாளர் நிறுவிய சேர்டிபிக்கேட்டுகளின் பட்டியல் வெறுமையாக இருக்கவேண்டும். அந்த வீபிஎன்னுக்குக் கொடுத்த கடவுச்சொல்லையே ஜிமெயிலுக்கும் வைத்திருந்தால், ஜிமெயில் கடவுச்சொல்லை இன்றைக்கே மாற்றுங்கள். அம்மா, அப்பாவின் போன்களையும் வாங்கி இதே வரிசையில் பார்த்துவிடுங்கள். அவர்களுக்கு அன்றைக்கு அதைப் போட்டுக் கொடுத்தது பெரும்பாலும் நீங்களாகத்தான் இருக்கும்.